மூச்சும் மூச்சுக்குள் நிற்பவனும்

தாயின் வயிற்றில் இருக்கும் சிசு மூச்சு விடுவதில்லை. அதன் நுரையீரல்களில் அப்பொழுது காற்று இல்லை, நீரே நிறைந்திருக்கிறது. அதற்கு வேண்டிய பிராணவாயு முழுவதும் தாயின் உதிரத்திலிருந்து நஞ்சு வழியாகவும் கொப்பூழ்க்கொடி வழியாகவும் வந்து சேருகிறது. பூமியில் வந்து விழுந்த சில கணங்களுக்குள் முதல் மூச்சு உள்ளே புகுகிறது. நீர் விலகுகிறது, சுருங்கிக் கிடந்த காற்றறைகள் விரிகின்றன, அதுவரை நுரையீரலைச் சுற்றிக்கொண்டு போன உதிரம் அதனுள்ளே பாயத் தொடங்குகிறது. உடனே குழந்தை வீறிட்டு அழுகிறது. அழுத குரல் கேட்ட பின்னரே வெளியில் நிற்பவர்களுக்கு உயிர் வருகிறது.

பிறக்கும் சேதனனை முதலில் தீண்டுவது காற்றே என்பதை நம் பெரியோர்களும் வேறொரு நோக்கில் பேசினார்கள். கருவில் இருந்த பொழுது எம்பெருமானைப் பற்றி இருந்த நினைவை, பிறந்தவுடன் சூழும் 'சடம்' என்னும் வாயு மறைத்துவிடுகிறதாம். அந்த மறதியே அழுகையாம். திருக்குருகூரில் அவதரித்த நம்மாழ்வார் ஒருவர்தாம் அந்த வாயுவைச் சினந்து விலக்கினார். அழவில்லை, பாலுண்ணவில்லை, பதினாறு ஆண்டுகள் புளியமரத்தடியில் பேசாது வீற்றிருந்தார். சடத்தைக் கோபித்தவராதலின் சடகோபர் என்னும் திருநாமம் அவருக்கு நிலைத்தது. நாம் அனைவரும் அந்த முதல் மூச்சை வாங்கி அழுதவர்கள். ஆழ்வாருக்கு மறைக்க முடியாததை நமக்கு மறைத்தது எதுவோ, அதுவே நம்மை இன்றளவும் உயிரோடு வைத்திருக்கிறது. இது நினைக்கத் தக்கதோர் விந்தை.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவாக்கிக் கொள்ளுதல் நலம். பள்ளிப் புத்தகங்களில் பிராணவாயு என்று கூறப்படுவது காற்றில் ஐந்தில் ஒரு பங்காக, அதாவது 21 விழுக்காடு கலந்துள்ள ஒரு வாயு. உபநிஷத்துக்கள் பிராணன் என்று கூறுவது உடலை நடத்துகின்ற முக்கிய வாயுவை. சில இடங்களில் பரப்ரஹ்மத்தையே. பெயர் ஒன்றாயிருப்பதைக் கொண்டு, இன்றைய ஆராய்ச்சி முழுவதும் அன்றே எழுதி வைக்கப்பட்டிருந்தது என்று மேடையில் முழங்குவது சாஸ்திரத்துக்கும் பெருமையன்று, விஞ்ஞானத்துக்கும் நியாயமன்று. ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்துக் கேட்டால் இரண்டும் இனிக்கும்.

நுரையீரல் தானாக விரியும் ஆற்றல் உடையதன்று. அதற்குச் சொந்தமாக இழுக்கும் தசை கிடையாது. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை போல் கவிந்திருக்கும் உதரவிதானம் என்னும் தசை கீழே இறங்கி, விலா எலும்புகள் மேலே எழும்ப, மார்புக்கூடு அகலுகிறது. அகன்ற இடத்தை நிரப்பக் காற்று உள்ளே ஓடி வருகிறது. நுரையீரல் செய்வதெல்லாம் இடங்கொடுத்தலும் ஏற்றுக்கொள்ளுதலுமே. வலப்புறம் மூன்று மடல்கள், இடப்புறம் இரண்டு. இருதயத்துக்கு இடம் விட வேண்டியிருப்பதால் இடப்புறம் சற்றே சிறிது. மூச்சுக்குழல் இரண்டாய், நான்காய், கிளைகிளையாய்ப் பிரிந்து கடைசியில் 30 கோடிக்கும் மேற்பட்ட நுண்ணறைகளில் முடிகிறது. இவற்றையெல்லாம் பிரித்து விரித்தால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர் பரப்பாகும். ஒரு நல்ல மண்டபத்தின் தளம் அது. அத்தளத்தின் ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் உதிரம். இடையிலுள்ள சுவர், கண்ணுக்குப் புலனாகாத அளவு மெல்லியது. நிமிடத்திற்கு ஏறக்குறைய ஐந்து லிட்டர் உதிரம் அதைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. ஓர் உதிர அணு அங்கே நிற்பது ஒரு வினாடிக்கும் குறைவு. அதற்குள் கரியமில வாயுவைக் கொடுத்துப் பிராணவாயுவைப் பெற்றுக்கொண்டு போய்விடுகிறது.

யோக நூல்கள் ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்று கணக்கிட்டன. நிமிடத்திற்குப் பதினைந்து என்று ஆகிறது. அமைதியாக இருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்திற்குப் பன்னிரண்டு முதல் இருபது வரை மூச்சு விடுவார் என்று மருத்துவர்கள் இன்று கூறுவதோடு அது பொருந்தி வருகிறது.

இம்மூச்சை நடத்துபவர் யார்? இருதயத்தை நிறுத்து என்று நாம் கட்டளையிட முடியாது. இரைப்பையை விரைந்து செரிக்கச் சொல்ல முடியாது. கையையும் காலையுமோ நாம் எண்ணியபடி ஆட்டலாம். மூச்சு ஒன்றே இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. விரும்பினால் ஆழ இழுக்கலாம், அடக்கலாம், மெதுவாக விடலாம். மறந்து உறங்கினாலோ அது தன் போக்கில் நடந்துகொண்டே இருக்கும். அடக்கிக்கொண்டே இருப்பேன் என்று பிடிவாதம் செய்பவனுக்கு உதிரத்தில் கரியமில வாயு ஏறுகிறது. பிடரிக்கு உட்புறமாக உள்ள முகுளம் அதை அறிந்து ஓயாமல் உந்துகிறது. அதையும் மீறினால் நினைவு தப்பும். நினைவு தப்பிய அக்கணமே மூச்சு திரும்பி வந்துவிடும். சேதனனுக்கு ஸ்வாதந்த்ரியம் உண்டா என்று கேட்கும் சீடனுக்கு ஆசார்யன் வேறு திருஷ்டாந்தம் தேட வேண்டியதில்லை. உண்டு, கொடுக்கப்பட்ட அளவில் உண்டு. கொடுத்தவன் தன் கையை எடுத்துவிடவில்லை.

சாந்தோக்யத்தில் இந்திரியங்கள் தங்களுக்குள் எது பெரியது என்று வழக்காடிய கதை பலரும் அறிந்தது. வாக்கு ஓராண்டு வெளியே போய் வந்தது, ஊமைகளும் வாழ்கிறார்கள். கண் போய் வந்தது, குருடரும் வாழ்கிறார்கள். செவியும் மனமும் அவ்வாறே போய் வந்தன. கடைசியில் பிராணன் புறப்படத் தொடங்கியதும், நல்ல சாதிக் குதிரை தன்னைக் கட்டிய முளைகளையெல்லாம் பிடுங்கிக்கொண்டு எழுவது போல, மற்ற இந்திரியங்கள் எல்லாம் வேரோடு ஆடிப்போயின. போகவேண்டா என்று தொழுதன. ஆயினும் வேதாந்தம் பிராணனோடு நின்றுவிடவில்லை. பிராணனுக்குள் இருந்து, பிராணன் அறியாதபடி, பிராணனைத் தன் சரீரமாகக் கொண்டு நியமிப்பவன் ஒருவன் உளன் என்று ப்ருஹதாரண்யகத்தின் அந்தர்யாமி ப்ராஹ்மணம் முடிவு கூறிற்று. மனிதன் உள்மூச்சாலும் வாழவில்லை, வெளிமூச்சாலும் வாழவில்லை, அவ்விரண்டும் எவனைச் சார்ந்தனவோ அவனால் வாழ்கிறான் என்பது கடோபநிஷத்தின் கருத்து. ப்ரஹ்மஸூத்ரமும் பிராணன் என்ற சொல்லுக்கு ஓரிடத்தில் பரமாத்மாவே பொருள் என்று ஓர் அதிகரணத்தில் நிலைநாட்டியது. பாஷ்யகாரர் அதை விளக்கியருளினார்.

மூச்சை அடக்கி மனத்தை அடக்கும் யோகம் நம் ஸம்ப்ரதாயத்துக்குப் புறம்பானதன்று. ஆசார்ய பரம்பரையில் முதல்வரான நாதமுனிகள் பெரிய யோகி. அவர் அருளிய யோக ரஹஸ்யம் குருகைக்காவலப்பனிடம் தங்கிற்று. ஆளவந்தார் அதைப் பெற வேண்டிக் கங்கைகொண்டசோழபுரத்துக்கு எழுந்தருளி அப்பனைப் பணிந்தார். அவரும் ஒரு நாளைக் குறித்து, அன்று வந்தால் உபதேசிப்பதாக அருளினார். ஆளவந்தாரோ திருவனந்தபுரத்து எம்பெருமானை ஸேவிக்கப் போய், அங்கே இருக்கும் பொழுதுதான் குறித்த நாள் அதுவே என்று நினைவு கூர்ந்தார். நாள் தப்பியது, ரஹஸ்யமும் அத்தோடு போயிற்று. இதைக் கேட்டு வருந்துவோர் உண்டு. யோகம் போனாலும் சரணாகதி நின்றது என்று ஆறுவோரும் உண்டு. மூச்சை ஒரு முகூர்த்தம் அடக்க வல்லவர்க்கு மட்டுமே பேறு என்றிருந்தால், இருமலும் இளைப்பும் உடைய எத்தனை ஆயிரம் பேர் வாசலிலேயே நின்றிருக்க வேண்டும்!

இந்தக் கேள்வி ஏட்டில் மட்டும் உள்ளதன்று. சோழநாட்டுத் திவ்யதேசம் ஒன்றில் மடைப்பள்ளிக் கைங்கர்யம் செய்த பரிசாரகர் ஒருவர் இருந்தார். பத்தொன்பதாம் வயதில் கரண்டி பிடித்தவர், அறுபத்தொன்றில் விட்டார். தம் மூச்சுக்காற்று தளிகையின் மேல் படலாகாது என்று வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு, புளிய விறகும் தென்னை மட்டையும் எரிய, ஊதாங்குழலால் ஊதி ஊதி நாற்பத்திரண்டு ஆண்டுகள் எம்பெருமானுக்கு அமுது சமைத்தவர். அந்த மடைப்பள்ளியில் புகை போக ஒரே ஒரு சிறு சாளரம். புகையிலையைக் கையால் தொட்டறியாதவர். ஆயினும் ஐம்பது கடந்ததும் காலை இருமல் தொடங்கிற்று. அறுபதில், குளத்துப் படிகள் எட்டு ஏறுவதற்குள் இரண்டு முறை உட்கார வேண்டியதாயிற்று. வயது என்று எண்ணிப் பேசாதிருந்தார். ஒரு நாள் மாலை ஸந்த்யாவந்தனத்தில் பிராணாயாமம் செய்ய மூக்கைப் பிடித்தவர், வ்யாஹ்ருதிகள் ஏழும் முடிவதற்கு முன்பே கையை எடுத்துவிட்டு, மடியைப் பிடித்துக்கொண்டு திணறினார். அன்று தம் மகன் முன்னிலையில் அழுதார்.

மகன் அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றான். மருத்துவர் நுரையீரலின் வலிவை அளக்கும் கருவி ஒன்றில் அவரை ஊதச் செய்தார். "பெரியவரே, உங்கள் குறை மூச்சை வாங்க முடியாமை அன்று, வாங்கியதை விட முடியாமை" என்றார். விறகுப் புகை மூச்சுக் கிளைகளை ஆண்டுக்கணக்கில் புண்படுத்திக் குறுக்கிவிட்டது. நுண்ணறைகளின் சுவர்கள் சிதைந்து பல அறைகள் ஒன்றாகிவிட்டன. பழைய காற்று உள்ளேயே தேங்கி நிற்பதால் புதிய காற்றுக்கு இடமில்லை. சிதைந்த அறை மீண்டும் முளைப்பதில்லை. ஆனால் மேலும் சிதையாமல் தடுக்கலாம். புகையை விட்டு விலக வேண்டும். மூச்சோடு உறிஞ்சும் மருந்தை நாள்தோறும் தவறாது எடுக்க வேண்டும். சளிக்காய்ச்சலுக்கும் நிமோனியாவுக்கும் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். முடிந்த அளவு நடக்க வேண்டும். அதோடு ஒரு பயிற்சியும் கற்பித்தார். மூக்கினால் இரண்டு எண்ணும் நேரம் இழுத்து, உதடுகளைக் குவித்து, எதிரில் உள்ள தீபச்சுடர் சாயவேண்டும், அணையக் கூடாது என்ற அளவில் நான்கு எண்ணும் நேரம் மெதுவாக விடுதல். குவிந்த உதடு உள்ளே சிறிது எதிரழுத்தம் கொடுப்பதால் குறுகிய குழல்கள் உடனே மூடிவிடாமல் திறந்திருக்கின்றன. தேங்கிய காற்று வெளியேறுகிறது. ஊதாங்குழலைப் பிடித்த உதடுகளுக்கு அந்தக் குவிப்பு கற்பிக்காமலே வந்துவிட்டது. மெதுவாக விடுவதுதான் வரவில்லை.

வீடு திரும்பிய பரிசாரகர் மூன்று கவலைகளோடு உபந்யாஸம் செய்யும் வித்வான் ஒருவரை நாடினார். "ஸ்வாமி, அடியேனால் கும்பகம் முடியவில்லை, நித்யகர்மம் போயிற்று. ஏகாதசியன்று அந்த மருந்தை உறிஞ்சினால் விரதம் போயிற்று. கைங்கர்யமோ முன்னமே போயிற்று. இனி அடியேனுக்கு என்ன மிச்சம்?" என்று கேட்டார்.

வித்வான் உடனே மறுமொழி கூறவில்லை. அவரை உட்காரச் சொல்லி, மூச்சு நிலைபெறும் வரை காத்திருந்தார். பின்பு சொன்னதாவது: "விரதத்தைக் கெடுக்காதவை என்று மகாபாரதம் எட்டைச் சொல்லுகிறது, அவற்றில் மருந்தும் ஒன்று. தேவரீர் ஐயமின்றி எடுத்துக்கொள்ளலாம். மருந்துக்குப் பின் வாய் கொப்பளிக்கச் சொல்லியிருப்பாரே மருத்துவர்? அது தேவரீருக்குப் பழக்கமில்லாததா? பிராணாயாமத்தில் மூச்சை அடக்குவது சக்தியுள்ளவர்க்கு. மார்புநோயும் இருதயநோயும் உடையவர் வலிந்து அடக்குதல் தகாது. இயல்பான மூச்சோடு மந்த்ரத்தை மனத்தால் சொன்னால் போதும். கர்மம் உடலைக் காக்க வந்ததேயன்றி முறிக்க வந்ததன்று."

மூச்சு திரும்பிய பரிசாரகர், இரண்டும் நான்கும் எண்ணுவது தமக்கு மறந்து மறந்து போகிறது என்றார். வித்வான் புன்னகைத்து, "எண் எதற்கு? இழுக்கும் பொழுது மனத்தில் 'ஹரி' என்றால் எழுத்து இரண்டு. விடும் பொழுது 'நாராயண' என்றால் எழுத்து நான்கு. மருத்துவர் கணக்கு அதுவே அன்றோ?" என்றார்.

அன்று முதல் அவருக்கு எண்ணிக்கை தப்பவில்லை.

இவ்விடத்தில் ஆரோக்கியமுள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. குளக்கரைகளில் பலர் செய்யும் பிராணாயாமம் மூக்கைத் தொட்டு எடுப்பதோடு முடிகிறது. ஈ ஓட்டுகிறாரோ என்று ஐயுற இடமுண்டு. ஆழ்ந்த மூச்சின் பயன் கணக்கிலேயே விளங்கும். ஒவ்வொரு மூச்சிலும் ஏறக்குறைய 150 மில்லி லிட்டர் காற்று குழல்களிலேயே நின்று, நுண்ணறைகளை எட்டாமல் திரும்பிவிடுகிறது. நிமிடத்திற்குப் பன்னிரண்டு முறை 500 மில்லி லிட்டர் வீதம் இழுப்பவனுக்கு 4,200 மில்லி லிட்டர் பயன்படுகிறது. இருபத்து நான்கு முறை 250 வீதம் மேலோட்டமாக இழுப்பவனும் மொத்தத்தில் அதே ஆறு லிட்டர்தான் இழுக்கிறான். அவனுக்குப் பயன்படுவதோ 2,400. உழைப்பு இரட்டிப்பு, ஊதியம் பாதிக்குச் சற்று மேல். இழுக்கும் பொழுது வயிறு முன்னே வரவேண்டும். தோள் ஏறுவது தவறான மூச்சு. மூச்சுக் கிளைகளின் உட்புறத்தில் நுண்மயிர்கள் ஓயாது அசைந்து தூசியையும் சளியையும் மேல்நோக்கித் தள்ளுகின்றன. பீடியும் சிகரெட்டும் அந்த மயிர்களைச் செயலறச் செய்கின்றன. பொது இடங்களில் புகைத்தல் 2008 அக்டோபர் 2 முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்டுள்ளது. ஆயினும் மதிற்சுவருக்கு வெளியே புகைத்துவிட்டு ஏலக்காயை மென்றுகொண்டு ஸேவிக்க வருவோர் இன்னும் இருக்கிறார்கள். எம்பெருமானுக்கு ஏலக்காய் வாசனை எது, மற்றது எது என்று தெரியாதா? மூடிய அறையில் இரவு முழுதும் எரியும் கொசுவர்த்தியின் புகையும் புகையே. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலைக் கஷாயத்தோடு விட்டுவிடாமல் சளியைப் பரிசோதிக்க வேண்டும். காசநோயாயின் அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம், முழுவதும் உட்கொண்டால் குணமும் உண்டு.

பரிசாரகர் மற்றொரு நாளும் வித்வானிடம் வந்தார். முதல் நாள் கேட்காமல் உள்ளே வைத்திருந்த கேள்வி அது. "ஸ்வாமி, கடைசியில் அடியேனுக்குச் சளி அடைத்துத்தான் போகும். திருநாமம் சொல்ல ஒரு மூச்சு மிஞ்சுமோ, மிஞ்சாதோ?"

குரல் என்பது வெளிமூச்சில் பிறப்பது. விடும் காற்று இல்லையேல் சொல் இல்லை. மூச்சு நோயாளிக்கு இந்த அச்சம் பிறருக்குத் தோன்றுவதைவிடக் கூரியது. அவன் அந்தக் கடைசித் திணறலைத் தினந்தோறும் சிறிது சிறிதாக ஒத்திகை பார்க்கிறான். இதற்குப் பூர்வர்கள் மறுமொழி வைக்காமல் போகவில்லை. பிராணன் போகும் வேளையில் கபம் கண்டத்தை அடைக்கும், அப்பொழுது நினைவு ஏது என்று கேட்டு, இப்பொழுதே தன் மனமாகிய அன்னம் திருவடியில் புகட்டும் என்று வேண்டினார் முகுந்தமாலையில் குலசேகரர். இளைத்து விழும் அந்நாளில் நினைக்கமாட்டேன், ஆகையால் அன்றைக்கு வேண்டியதை இன்றே சொல்லி வைத்தேன் என்று திருவரங்கத்துப் பெருமானிடம் முன்பணம் கட்டினாற்போல் விண்ணப்பித்தார் பெரியாழ்வார். பூமிப்பிராட்டியின் கேள்விக்கு வராகப் பெருமான் அருளிய வார்த்தையோ இவ்விருவர் விண்ணப்பத்துக்கும் இசைவு அளித்தது போல் இருக்கிறது: மனமும் உடலும் நல்ல நிலையில் உள்ள காலத்தில் ஒருவன் தன்னை நினைத்தானாகில், அவன் கட்டையும் கல்லும் போலக் கிடக்கும் பொழுது நினைக்கும் பொறுப்பு தன்னுடையது என்கிறான்.

வித்வான் இவற்றைச் சொல்லி, "மருத்துவர் தேவரீரிடம் சொன்னது பெரிய வார்த்தை, ஸ்வாமி. வாங்கியதை விட முடியாமையே குறை என்றாரே, அது அடியோங்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி. சரணாகதிக்கு இடம், காலம், முறை, இன்னார் என்ற நியமம் ஒன்றும் கிடையாது. 'நான் காத்துக்கொள்வேன்' என்பதை விடுவது ஒன்றே உண்டு. நாற்பத்திரண்டு ஆண்டுகள் தேவரீருடைய மூச்சு தன் அமுதின் மேல் படாமல் காத்தீரே. அந்த மூச்சு நிற்கும் பொழுது அவன் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பானோ?" என்றார்.

பரிசாரகர் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மருந்தும் பயிற்சியும் நோயைப் போக்கிவிடவில்லை. ஆனால் படிகள் எட்டையும் ஒரே ஒரு முறை உட்கார்ந்து ஏறினார். திருத்துழாய் ஆய்ந்து கொடுக்கும் கைங்கர்யம் அவருக்குக் கிடைத்தது. உட்கார்ந்து செய்வது, புகையில்லாதது. மடைப்பள்ளியிலும் புகைபோக்கி ஒன்று எழுப்பினார்கள். அதற்கு ஒருவருடைய மார்பு போக வேண்டியிருந்தது என்பதை அங்குள்ளோர் அறிவார்கள்.

அவ்வாண்டு ப்ரஹ்மோத்ஸவத்தில் கருடசேவையன்று, தம் வீட்டிலிருந்து வீதி மூலை வரை நான்கடி நடந்து நின்று, ஹரி என்று இழுத்து நாராயண என்று விட்டு, மறுபடியும் நான்கடி நடந்து வந்து சேர்ந்தார். புறப்பாடு கண்டு, சாத்துமுறையானதும், புதிதாக மடைப்பள்ளிக்கு வந்த இளைஞன் சர்க்கரைப் பொங்கலைத் தொன்னையில் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்து, தளிகை எப்படி என்று பணிவோடு கேட்டான். முதியவர் உண்பதற்கு முன் ஒரு முறை முகர்ந்து பார்த்தார்.

"நெய் போதும், வெல்லப் பாகும் பதம். விறகு மட்டும் ஈரம், குழந்தாய். உலர்ந்ததாகக் கேட்டு வாங்கு. சாளரத்தையும் திறந்து வை."

அவன் சரி என்று தலையசைத்து, அடுத்த தொன்னையை எடுக்க உள்ளே ஓடினான்.